காந்தியடிகளும் அறப்பயணப் பயிற்சியும்

ஏழைகளுக்கு நிதி திரட்டும் பொருட்டு இளைஞர் பலர் ஒரு குழுவாகக் கூடிச் சைக்கிளேறி ஊரூராய்ச் செல்லும் வழக்கம் இந்நாளில் பரவி வருகின்றது. அங்ஙனம் செல்வார்க்குப் புறப்படும் நாளினும் அதற்கு முற்பட்ட பயிற்சி நாட்களே பெரியன என்பது எமது துணிபு. இதற்குச் சான்றாகக் காந்தியடிகளின் வரலாற்றில் ஒரு பகுதியை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

அடிகள் 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரிற் பிறந்தார். பள்ளியில் தேகப்பயிற்சியை விரும்பாது ஒதுங்கி நின்ற கூச்சமிக்க சிறுவர் அவர். எனினும், நெடுந்தூரம் நடக்கும் வழக்கம் ஒன்றை மட்டும் கைவிடாது போற்றினார். அவ்வொன்றே பிற்காலத்தில் அவரைத் தாங்கிற்று.

1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற அடிகள், டர்பன் நகரில் டாக்டர் பூத் என்னும் மிஷன் வைத்தியரின் சிறு தரும வைத்தியசாலையில் நாடோறும் சிறிது நேரம் மருந்து கொடுக்கும் பணி செய்து பழகினார். 1899இல் போயர் யுத்தம் மூண்டபோது, காயமுற்றோரைச் சுமக்க ஏறக்குறைய 1,100 இந்தியரைக் கொண்ட படையொன்றைத் திரட்டினார். அவருக்கும் அவர்தம் தோழர்க்கும் அப்பணியைக் கற்பித்தவர் அந்த டாக்டர் பூத்தே. டோலி சுமந்து ஒரு நாளில் 20 முதல் 25 மைல் வரை அவர்கள் நடக்க நேர்ந்தது. முன்பு பழகாதார்க்கு இஃது இயலுமோ?

1904இல் ஜோஹானஸ்பர்க்கு நகரத்து இந்தியர் குடியிருப்பிற் கொள்ளைநோய் தோன்றி, 23 பேர் ஒருசேர நோயுற்றனர். செய்தி எட்டியவுடன் அடிகள் சைக்கிளேறி விரைந்தார். அவருடைய அலுவலகத்துக் குமாஸ்தாக்கள் நால்வர் உயிருக்கு அஞ்சாது உடன் நின்று, இரவு முழுதும் நோயாளிகளுக்குப் பணிவிடை புரிந்தனர். ஒரு குழுவின் தகுதி இத்தகைய வேளையிலேயே புலனாகும்.

1910இல் அமைந்த டால்ஸ்டாய் பண்ணையில் தமிழரும் பலர் வாழ்ந்தனர். சொந்தக் காரியமாக நகரஞ் செல்வோர் 21 மைலையும் நடந்தே செல்லவேண்டும் என்பது அங்கு விதி. சிறைக்கும் வறுமைக்கும் அஞ்சாத தொண்டர்களை அப்பண்ணை உருவாக்கிற்று.

இந்தியா திரும்பிய பின்னரும் பயணமே அவர் பணியாயிற்று. 1927இல் கதர் நிதிக்காகச் சுற்றியபோது கடுமையாக நோயுற்று, நந்தி மலையில் ஓய்வு கொண்டார். உடல் சற்றுத் தேறியதும் மீண்டும் புறப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் மாதத்திற் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் எழுந்தருளினார். நந்தனார் பெயரால் சுவாமி சகஜாநந்தர் 1916 முதற் கல்வித்தொண்டு நடத்திய ஊர் சிதம்பரம் ஆதலின், தீண்டாமையை வெறுத்த அடிகட்கு அவ்வூரில் தனியன்பு உண்டாயிற்று.

1930இல் தண்டிக்குப் புறப்பட்டபோது அடிகளுக்கு வயது அறுபது. ஆசிரம ஒழுக்கத்திற் பழகிய 78 பேருடன் சுமார் 240 மைலை 24 நாட்களில் நடந்து முடித்தார். பின்னர் 1933 நவம்பரில் அரிசன நிதிக்காக வார்தாவிலிருந்து புறப்பட்டு, ஏறக்குறைய 12,500 மைல் சுற்றி, சுமார் எட்டு இலட்சம் ரூபாய் திரட்டினார். 1934 பிப்ரவரியில் கடலூர்ப் பகுதி அவரை மீண்டும் வரவேற்றது. அவ்வாண்டு மே மாதம் ஒரிசாவில் மோட்டாரையும் இரயிலையும் விடுத்து நடக்கத் தொடங்கினார். விரைவாற் பணம் மிகலாம். ஆயின் குடிசைதோறும் மனத்தை மாற்ற நடையே ஏற்றது என்று அவர் கண்டார்.

1948 ஜனவரி 30ஆம் நாள் அடிகள் மறைந்தார்.

திரட்டிய நிதி செலவாகிவிடும். ஒழுங்கிற் பழகிய குழுவோ அடுத்த துன்பத்துக்கும் ஆயத்தமாய் நிற்கும். கடலூர் – சிதம்பரம் பெருவழியில் அறத்தின் பொருட்டுச் சைக்கிள் மிதிக்கும் நண்பர்கள், தேகப்பயிற்சியை வெறுத்த ஒரு சிறுவர் இவ்வழியே இருமுறை அறநிதி நாடி வந்தமையை நினைவார்களாக. விடியற்காலத்தில் எழவும், பின்தங்கிய தோழனுக்காகக் காத்து நிற்கவும் அவர்கள் முதலிற் பழகுவார்களாயின், பயணம் முடிந்த பின்னரும் அவர்தம் தொண்டு முடிவுறாது.