44 வயதில் கோல் காத்த மானேஜர்

1928-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி.

கனடாவில் உள்ள மாண்ட்ரியல் நகரில் ஐஸ் ஹாக்கி இறுதிப் போட்டியின் 2-வது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் உள்ளூர் மரூன்ஸ் அணி. மறுபக்கம் அமெரிக்காவைச் சேர்ந்த நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணி. நியூயார்க்கில் ரேஞ்சர்ஸ் ஆடும் அரங்கத்தை சர்க்கஸ் கம்பெனிக்கு விட்டுவிட்டதால், எல்லா ஆட்டமும் எதிரியின் ஊரிலேயே!

நாம் பார்க்கும் ஹாக்கியில் பந்து இருக்கும். இதில் பந்து கிடையாது. 3 அங்குல அகலமும் 1 அங்குல கனமும் உள்ள கெட்டி ரப்பர் வில்லைதான் பந்து. "பக்" என்று பெயர். காலில் இரும்புச் சறுக்கு கட்டிக்கொண்டு, பனிக்கட்டித் தரையில் பறந்து வந்து அடிப்பார்கள். அந்தக் காலத்தில் கோல்கீப்பர்களுக்கு முகமூடியும் இல்லை.

மரூன்ஸ் வீரர் நெல்ஸ் ஸ்டூவர்ட் அடித்த பக், ரேஞ்சர்ஸ் கோல்கீப்பர் லார்ன் ஷபோவின் கண்ணில் பாய்ந்தது. ரத்தம் வழிய அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரு தரப்பும் இன்னும் கோல் போடவில்லை. ரேஞ்சர்ஸிடம் வேறு கோல்கீப்பரும் இல்லை.

அந்த அணியின் மானேஜரும் கோச்சும் ஒருவரே. பெயர் லெஸ்டர் பேட்ரிக். தலை நரைத்தவர். வயது 44.

மர வியாபாரி மகன்

லெஸ்டர் பேட்ரிக் 1883-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிரம்மண்ட்வில் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் ஜோ பேட்ரிக் மர வியாபாரி. மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த லெஸ்டர், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மேற்கே போனார். பிராண்டன் என்ற ஊர் அணியில் தடுப்பு ஆட்டக்காரராகச் சேர்ந்தார்.

தடுப்பு ஆட்டக்காரர் என்றால் கோல் அருகே நின்று, வருகிற பக்கைத் தூர அடித்து விரட்ட வேண்டும். அதுதான் அன்றைய வழக்கம். லெஸ்டருக்கு அது போதவில்லை. பக்கைத் தானே தள்ளிக்கொண்டு எதிரி கோல் வரை போய்விடுவார். ரசிகர்களுக்கு இது பிடித்துவிட்டது.

பிறகு மாண்ட்ரியல் வாண்டரர்ஸ் அணிக்குப் போனார். அந்த அணி 1906-லும் 1907-லும் ஸ்டான்லி கோப்பையை வென்றது. 1906-ல் ஒட்டாவா அணி நெருக்கிக்கொண்டு வந்தபோது, கடைசி 2 கோல்களையும் போட்டவர் இந்தத் தடுப்பு ஆட்டக்காரர்தான்.

1909-ல் ரென்ஃப்ரூ என்ற சிற்றூர் பணக்காரர் ஒருவர், ஒரு சீசனுக்கு 3 ஆயிரம் டாலர் கொடுத்து அவரை அழைத்தார். தம்பி பிராங்க்குக்கு 2 ஆயிரம். அன்றைக்கு அது பெரிய தொகை.

சொத்தை விற்று மைதானம்

இதற்குள் பேட்ரிக் குடும்பம் மேற்குக் கனடாவில் குடியேறியிருந்தது. 1911-ல் தகப்பனார் மரக் கம்பெனியை விற்றார். அந்தப் பணத்தை மகன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பசிபிக் கடலோரத்தில் ஐஸ் ஹாக்கி அரங்குகள் கட்டினார்கள்!

அந்தப் பகுதியில் குளிர் குறைவு. இயற்கையாக உறையும் பனியை நம்பி ஆட முடியாது. ஆகவே தரைக்கு அடியில் குழாய் பதித்து, குளிரவைத்த உப்புநீரை ஓடவிட்டுப் பனிக்கட்டி உண்டாக்கினார்கள். கனடாவில் இப்படிச் செயற்கைப் பனி அரங்கு அதற்கு முன் கிடையாது. வான்கூவரில் கட்டியதில் 10 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். விக்டோரியாவில் கட்டியது சிறியது. பிராங்க் வான்கூவர் அணியையும் லெஸ்டர் விக்டோரியா அணியையும் நடத்தினார்கள். பிள்ளைகளின் யோசனையை நம்பி ஆயுள் சம்பாத்தியத்தைப் போட்ட அந்தத் தகப்பனாரையும் பாராட்டத்தான் வேண்டும்.

சகோதரர்கள் ஆட்ட விதிகளையும் மாற்றினார்கள். சட்டையில் எண், முன்பக்கம் பாஸ் கொடுக்க அனுமதி, பெனால்டி ஷாட் எல்லாம் அவர்கள் போட்டியில் வந்தவை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் கோல்கீப்பர் நின்றபடியேதான் தடுக்க வேண்டும். விழுந்தால் தண்டனை. விழுந்து தடுக்கலாம் என்று இவர்கள் அனுமதித்தார்கள்.

1925-ல் லெஸ்டரின் விக்டோரியா கூகர்ஸ் அணி, மாண்ட்ரியல் கனடியன்ஸ் அணியைத் தோற்கடித்து ஸ்டான்லி கோப்பையை வாங்கியது. ஆனால் பணக்காரக் கிழக்கு அணிகள் கொடுத்த சம்பளத்தை மேற்கு அணிகளால் கொடுக்க முடியவில்லை. 1926-ல் ஆட்டக்காரர்களைக் கிழக்கே விற்றுவிட்டுக் கடையைக் கட்டினார்கள். லெஸ்டர் நியூயார்க்குக்கு வேலைக்குப் போனார். ரேஞ்சர்ஸ் அணிக்கு ஆள் சேர்த்தவர் கான் ஸ்மைத் என்பவர். முதல் ஆட்டத்துக்கு முன்பே அவரை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் லெஸ்டரை வைத்தார்கள்.

கோல்கீப்பர் யார்?

மாண்ட்ரியல் ஆட்டத்துக்கு வருவோம்.

ஒட்டாவா அணியின் கோல்கீப்பர் அலெக் கானல், அன்று பார்வையாளராக வந்திருந்தார். அவரை இறக்க அனுமதி கேட்டார் லெஸ்டர். மரூன்ஸ் மானேஜர் எடி ஜெரார்டு மறுத்துவிட்டார். அவரும் ஒரு காலத்தில் தடுப்பு ஆட்டக்காரர்தான்! மறுக்க அவருக்கு உரிமை இருந்தது, குற்றம் சொல்வதற்கில்லை.

லெஸ்டர், ஷபோவின் காலுறைகளைத் தானே கட்டிக்கொண்டு கோலுக்குள் போய் நின்றார். மேற்கே ஆடிய நாளில் அவசரத்துக்கு ஓரிரு தடவை கோலில் நின்றதோடு சரி. தரையில் முழங்காலிட்டும் விழுந்தும் தடுத்தார். முன்பு அவர்கள் கொண்டுவந்த விதி, அன்றைக்கு அவருக்கே கைகொடுத்தது. ரேஞ்சர்ஸ் வீரர்களும் எதிரியைக் கிட்டே விடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

பில் குக் ஒரு கோல் போட்டார். ஸ்டூவர்ட் அதைச் சமன் செய்தார். லெஸ்டரைத் தாண்டிப் போனது அந்த ஒரு கோல்தான். கூடுதல் நேரத்தில் பிராங்க் பூஷே கோல் போட, 2-1 என்று ரேஞ்சர்ஸ் வென்றது. அடுத்த ஆட்டங்களுக்கு ஜோ மில்லர் என்ற கோல்கீப்பரை அனுமதித்தார்கள். 3-2 என்ற கணக்கில் கோப்பை ரேஞ்சர்ஸுக்குக் கிடைத்தது.

ஆனால் ஷபோவின் கதை வேறு. அடுத்த சீசனுக்குள் அவரை டொராண்டோ அணிக்கு மாற்றிவிட்டார் லெஸ்டர். அடிபட்ட கண்ணோடு இனி பழையபடி ஆட மாட்டார் என்பது கணக்கு. அந்தக் கணக்கு தப்பாயிற்று. 1932-ல் டொராண்டோ கோப்பை வென்றபோது கோல் காத்தவர் ஷபோ. இறுதிப் போட்டியில் தோற்றது ரேஞ்சர்ஸ்!

மறு வருடமே, 1933-ல், லெஸ்டர் அதே டொராண்டோவை வென்று மறுபடி கோப்பையைப் பிடித்தார். மகன் லின் நன்றாக ஆடியும், சொந்தப் பிள்ளைக்குச் சலுகை என்று பேச்சு வரும் என அணியில் சேர்க்கத் தயங்கினார். மூத்த ஆட்டக்காரர்கள் வற்புறுத்திய பிறகே சேர்த்தார். 1939-ல் கோச் பதவியை பூஷேயிடம் கொடுத்துவிட்டு மானேஜராக மட்டும் இருந்தார். 1940-ல் ரேஞ்சர்ஸ் மீண்டும் வென்றபோது லின்னும் இளையவர் மஸ்ஸும் அணியில் இருந்தார்கள். பிறகு யுத்தம் வந்தது. ஆட்டக்காரர்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். 1943-44 சீசனில் 50 ஆட்டங்களில் 6 மட்டுமே ஜெயித்தது அணி. 1946-ல் மானேஜர் பதவியிலிருந்து லெஸ்டர் விலகினார்.

விக்டோரியாவுக்கே திரும்பி வந்து வாழ்ந்தவர், 1960-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி காலமானார். அதே மாதம் 29-ந் தேதி தம்பி பிராங்க்கும் இறந்தார். அவர்கள் கட்டிய 2 அரங்குகளும் அதற்கு வெகுகாலம் முன்பே தீயில் எரிந்து போயிருந்தன.