கையை எடுத்த பையன்: லாரன்ஸ் ஸ்பெர்ரி



உங்களில் எத்தனை பேர் கம்ப்யூட்டரில் போர் ஹெலிகாப்டர் ஓட்டியிருக்கிறீர்கள்? டிசிஎஸ் சிமுலேட்டரில் வரும் ரஷ்ய கா-50, அதாங்க 'பிளாக் ஷார்க்', அதைத் தொட்டவர்களுக்கு முதல் நாள் கூத்து மறந்திருக்காது. தரையை விட்டு எழும்பி, கையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். மூக்கு ஒரு பக்கம் போகும், வால் இன்னொரு பக்கம் போகும். அப்புறம் யாராவது சீனியர் வந்து, பக்கச் சாய்வு, மூக்கின் ஏற்ற இறக்கம், திசை, உயரம் என்று நாலு பட்டன் இருக்கு, அதைப் போடுடா என்பார். போட்டதும் ஹெலிகாப்டர் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடும்.

அந்த ஆட்டோபைலட்டுக்குப் பின்னால் ஒரு இளைஞனின் வாழ்க்கை இருக்கிறது. 31-வது பிறந்தநாளைக்கூடப் பார்க்காமல் போய்விட்ட லாரன்ஸ் ஸ்பெர்ரி. இந்த இதழில் அவர் கதைதான்.

அப்பாவுக்குக் கப்பல், பிள்ளைக்கு விமானம்

1892 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவின் சிகாகோவில் பிறந்தார் லாரன்ஸ். அப்பா எல்மர் ஸ்பெர்ரி சாதாரண ஆள் இல்லை. சுழலும் சக்கரத்தை வைத்துக் கப்பலுக்குத் திசைகாட்டி செய்தவர். அலையில் கப்பல் ஆடாமல் இருக்கவும் அதே சக்கரத்தைப் பயன்படுத்தியவர். 1910-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஸ்பெர்ரி ஜைரோஸ்கோப் கம்பெனியைத் தொடங்கினார். பையனுக்கோ கடல் மேல் ஆசை இல்லை, வானத்து மேல்தான் ஆசை. இருபது வயது ஆவதற்கு முன்பே வீட்டிலேயே சொந்தமாக ஒரு விமானம் கட்டிவிட்டார்.

அந்தக் கால விமானம் ஓட்டுவது சும்மா இல்லை. ஒரு காற்று அடித்தால் சாயும். உடனே சரி செய்யாவிட்டால் கவிழும். பைலட்டுக்கு ஒரு நொடி ஓய்வு கிடையாது. அப்பா கப்பலுக்குச் செய்ததை நாம் விமானத்துக்குச் செய்தால் என்ன என்று லாரன்ஸ் யோசித்தார்.

ஏன் ஒரு தூக்குக்குண்டு போதாது?

இங்கே நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். விமானம் சாய்ந்திருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கக் கொத்தனார் பிடிக்கும் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டால் போதாதா? போதாது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் மேலே தொங்கும் கைப்பிடியைப் பாருங்கள். நேராகத் தொங்காது, வெளிப்பக்கமாக ஒதுங்கும். தூக்குக்குண்டும் அப்படித்தான். திரும்பும்போது எது உண்மையான 'கீழே' என்பது அதற்குத் தெரியாது. வானத்தில் திரும்பும் விமானத்திலும் அது பொய்தான் சொல்லும்.

வேகமாகச் சுழலும் ஜைரோஸ்கோப் அப்படி இல்லை. பம்பரம் சுற்றும்போது விழாமல் நிற்கிறதே, அதே பிடிவாதம். சட்டம் எப்படிச் சாய்ந்தாலும் தன் அச்சை அது சுலபத்தில் மாற்றாது. விமானம் சாயும்போது ஜைரோவுக்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு கோணம் உண்டாகிறது. அந்தக் கோணம்தான் பிழை. அந்தப் பிழையை எடுத்து, இறக்கையின் ஓரத்தில் இருக்கும் மடிப்புகளையும் வால் பகுதியையும் எதிர்ப்பக்கம் அசைத்தால் விமானம் நேராகிவிடும். மூன்றாம் வருஷம் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் நாம் வரைகிற ஃபீட்பேக் லூப்பை லாரன்ஸ் மரத்திலும் துணியிலும் செய்து பறக்கவிட்டார். நான்கு ஜைரோக்கள், மொத்த எடை சுமார் 18 கிலோதான்.

படகில் எழுந்து நின்றால்?

வாசலூர்பட்டி படகு இல்லத்துக்குப் போனவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். சின்னப் படகில் ஒருத்தன் செல்ஃபி எடுக்க ஓரமாக எழுந்து நின்றால் போதும், படகு அந்தப் பக்கம் சாயும், மற்ற எல்லாரும் கத்துவார்கள். இதே வேலையை ஆகாயத்தில் செய்துகாட்டியவர் லாரன்ஸ்.

1914 ஜூன் 18. பாரிஸ் பக்கத்தில் பெசோன் என்ற ஊர், சேன் ஆற்றங்கரை. பாதுகாப்பான விமானத்துக்கான போட்டி. பரிசு 50,000 ஃபிராங்க். 21 வயது லாரன்ஸ், தண்ணீரிலிருந்து கிளம்பும் கர்ட்டிஸ் பறக்கும் படகில் வந்தார். கூடவே பிரெஞ்சு மெக்கானிக் எமில் காஷான். முதல் சுற்றில் நடுவர்களுக்கு முன்னால் தாழப் பறந்து, இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார். இரண்டாம் சுற்றில் காஷான் எழுந்து இறக்கை மேல் நடந்து போனார். ஒரு பக்கம் பாரம் ஏறியதும் விமானம் சாய வேண்டுமே? கொஞ்சம் சாய்ந்தது, ஜைரோ உடனே சரி செய்தது. மூன்றாம் சுற்றில் காஷான் ஒரு இறக்கையில், லாரன்ஸ் இன்னொரு இறக்கையில். ஓட்டுநர் இருக்கை காலி!

பரிசு அவருக்குத்தான். ஒரே நாளில் ஐரோப்பா முழுக்கப் பெயர். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு கம்மி. சரியாகப் பத்தாவது நாள் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். சில வாரங்களில் முதல் உலகப் போர்.

காலி இருக்கை இன்னொரு வழியில் போனது

பைலட்டைக் காப்பாற்றத்தான் அந்தக் கருவி பிறந்தது. ஆனால் இருக்கை காலியாக இருந்தாலும் விமானம் பறக்கும் என்றால், அதில் ஆளுக்குப் பதில் வெடிமருந்தை ஏற்றலாமே என்று ராணுவத்துக்குத் தோன்றாதா? அமெரிக்கா போரில் இறங்கியதும் கடற்படைக்காக அப்பாவும் பிள்ளையும், பீட்டர் கூப்பர் ஹியூவிட் என்ற பொறியாளரோடு சேர்ந்து, ஆளில்லாமல் பறக்கும் குண்டு ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள். சோதனைகளில் விமானங்கள் அடுத்தடுத்து நொறுங்கின. 1918 மார்ச் 6 அன்று ஒன்று தானாகக் கிளம்பி, சுமார் 1000 கஜம் நேராகப் பறந்து, வைத்த இடத்தில் இறங்கியது. போரில் அது பயன்படவில்லை. ஆனாலும் இன்றைய ட்ரோன், ஏவுகணை எல்லாவற்றின் வம்சத்திலும் அந்த நாள் இருக்கிறது. உயிரைக் காக்கும் சர்க்யூட்டும் உயிரை எடுக்கும் சர்க்யூட்டும் ஒன்றேதான். எதைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறோம், எங்கே அனுப்புகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

போருக்குப் பிறகு லாரன்ஸ் தன் சொந்தக் கம்பெனியில் 'மெசெஞ்சர்' என்ற குட்டி விமானத்தைச் செய்தார். ராணுவத்தில் தூதுவர் மோட்டார் சைக்கிள் செய்யும் வேலையை இது செய்யட்டும் என்பது திட்டம். 1923 டிசம்பர் 13 அன்று அதே மெசெஞ்சரில் இங்கிலாந்திலிருந்து கால்வாயைக் கடக்கத் தனியாகக் கிளம்பினார். பனிமூட்டம். விமானம் கடலில் இறங்கிவிட்டது. விமானம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் 11-ம் தேதிதான் உடல் கிடைத்தது. பிறந்தநாளுக்கு எட்டே நாள் பாக்கி இருக்கும்போது நடந்தது இது.

அவர் போன பிறகு கருவி வளர்ந்தது. 1933-ல் வைலி போஸ்ட், ஸ்பெர்ரி ஆட்டோபைலட்டைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 7 நாள் 18 மணி 49 நிமிடத்தில் தனி ஆளாக உலகைச் சுற்றி வந்தார். அதுவரை யாரும் தனியாகச் செய்யாத வேலை.

சரி, நம்ம சிமுலேட்டருக்கு வருவோம்

லாரன்ஸ் இறந்து 16 வருஷம் கழித்துத்தான், 1939-ல், சிகோர்ஸ்கியின் விஎஸ்-300 தரையை விட்டு எழும்பியது. ஹெலிகாப்டருக்கு விமானத்தைவிட இந்தக் கருவி அதிகம் தேவை. இரண்டு கையும் இரண்டு காலும் ஓயாமல் வேலை செய்ய வேண்டிய வண்டி அது. கா-50-ல் ஒரே பைலட்தான். ஓட்டவும் வேண்டும், சுடவும் வேண்டும். ஆட்டோபைலட் இல்லாமல் கதை ஆகாது.

ஆனால் இரண்டு விஷயத்தை மனசில் வையுங்கள். ஒன்று, அதற்கு உங்கள் கட்டுப்பாட்டில் சுமார் 20 சதவீத அதிகாரம்தான். கருவி பைத்தியம் பிடித்தாலும் மனிதன் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக வைத்த எல்லை அது. அதனால்தான் டிரிம் பட்டனை அழுத்தாமல் ஸ்டிக்கைத் தள்ளினால் ஹெலிகாப்டர் உங்களோடு மல்லுக்கட்டும். அது பழைய நிலையைக் காப்பாற்றப் பார்க்கிறது. டிரிம்மை அழுத்திப் பிடித்து, புது நிலைக்குப் போய், விடுங்கள்; இதுதான் இனி உன் 'நேர்' என்று அதற்குச் சொன்ன மாதிரி.

இரண்டு, உயரம் பிடிக்கும் மோடு. காற்றழுத்தத்தை வைத்து 600 மீட்டர் பிடி என்று சொல்லிவிட்டு, நாமக்கல் சமவெளியிலிருந்து வாசலூர்பட்டி பார்த்து நேராக விட்டால் என்ன ஆகும்? கொல்லிமலையின் மேல்பரப்பு கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கு மேல். ஆட்டோபைலட் ஒரு மீட்டர்கூடப் பிசகாமல், மிகுந்த விசுவாசத்தோடு, மலைமேல் மோதும். ரேடார் உயரமானிக்கு மாற்றினாலும் அது பார்ப்பது காலடியை. எதிரே நிற்கும் பாறையை அல்ல.

லாரன்ஸின் கருவி அன்றைக்கே அப்படித்தான் இருந்தது. நேராக இரு என்றால் நேராக இருக்கும். எங்கே போகிறோம், பனிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அதன் வேலை இல்லை. பெசோனில் அவர் இருக்கையை விட்டு எழுந்து போனது உண்மை. ஆனால் எந்த நொடியில் எழுவது, எதைக் கருவியிடம் விடுவது, எப்போது திரும்பி வந்து உட்காருவது என்று முடிவு செய்தது அவர்தான்.

அடுத்த தடவை அந்த நாலு பட்டனையும் போட்டுவிட்டு டீ குடிக்க எழுந்து போகும் முன், எது எது எரிகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள் நண்பர்களே. சிமுலேட்டரில் மோதினால் மறுபடி தொடங்கலாம். நாளைக்கு நீங்கள் எழுதப்போகும் கோடு நிஜ வண்டியில் ஓடும். அங்கே அந்த வசதி கிடையாது.