நோயாளியின் மொழியில் மருத்துவம்

நுழையும்முன்
மருத்துவர் கூறுவது நோயாளிக்கு விளங்காவிடில், நல்ல மருந்தும் பயன் தராது. அக்குறையைத் தமிழால் களைய முற்பட்ட மருத்துவர் ஒருவரின் வாழ்வை அறிவோம்.

சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1822ஆம் ஆண்டு பிறந்தார். மருத்துவம் பயின்று, அமெரிக்க மிஷன் சார்பில் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் தங்கி மருத்துவப் பணி புரிந்தார். தம்மை நாடி வந்தோரின் துயரை அவர்தம் சொற்களிலேயே கேட்டறிய விரும்பித் தமிழ் கற்றார்.

தமிழில் மருத்துவக் கல்வி

கிரீன் உள்ளூர் இளைஞர்களுக்கு முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். பயிற்சி முடித்தோர் பலர் அரசுப் பணியை நாடி வெளியூர் சென்றனர். சிற்றூர் மக்களோ மருத்துவரின்றித் தவித்தனர். தமிழில் பயின்றவர் தம் ஊரிலேயே தங்குவர். நோயின் தன்மையையும் மருந்துண்ணும் முறையையும் மக்களுக்கு விளங்க உரைப்பர் எனக் கிரீன் கருதினார். ஆங்கிலக் கல்வியே வேலைவாய்ப்புத் தரும் என்ற எண்ணம் வலுத்திருந்த காலம் அது. எனினும், 1864இல் தமிழ்வழி மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். அவ்வழியில் 33 பேர் மருத்துவராயினர்.

நூலாக்கம்

கற்பிக்க நூல்கள் வேண்டுமே! மாணவர்களின் துணையுடன் ஆங்கில மருத்துவ நூல்களைக் கிரீன் தமிழாக்கினார். வழக்கிலுள்ள தமிழ்ச்சொல்லை முதலில் தேடினார். கிட்டாதபோது வடசொல்லையும், அதுவும் பொருந்தாதபோது தமிழ் ஒலிக்கேற்பத் திரித்த ஆங்கிலச் சொல்லையும் கொண்டார். அறுவை மருத்துவம் கூறும் 'இரண வைத்தியம்', உடற்கூறு கூறும் 'மனுஷ அங்காதிபாதம்', வேதியியல் கூறும் 'கெமிஸ்தம்' ஆகியன அவருடைய நூல்களுள் சில. உடல்நலம் குன்றி 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும், 1884இல் மறையும்வரை தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார்.

அன்றும் இன்றும்

கிரீன் பிறந்த அதே ஆண்டில் நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவ வகுப்பு தொடங்கிய அதே 1864இல், சிதம்பரத்தில் அவர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சமயத்தால் எதிரெதிர் நின்ற இருவரும், அறிவை மக்களிடம் சேர்க்கும் ஆற்றல் தமிழ் உரைநடைக்கு உண்டு என நம்பினர்.

இன்று சிதம்பரத்திலேயே மருத்துவக் கல்லூரி உள்ளது. மாணவர் ஆங்கிலத்தில் பயில்கின்றனர். கடலூர் மீனவரும் சிதம்பரத்து உழவரும் தம் நோவைத் தமிழில்தான் சொல்கின்றனர். கற்ற மொழிக்கும் கேட்கும் மொழிக்கும் இடையே பாலம் அமைப்பது மருத்துவரின் கடமை. அதனைக் கிரீன் தம் வாழ்நாள் பணியாகவே கொண்டிருந்தார்.