முடியாத அகராதியும் முறியாத நம்பிக்கையும்



முதுமை ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. அது நம்மிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே வருகிறது. கண் மங்குகிறது; கால் தளர்கிறது; வலை இழுத்த கை நடுங்கத் தொடங்குகிறது. நாற்பது ஆண்டு கூடவிருந்தவர் சேமக்காலைக்குப் போய்விடுகிறார். பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றனர்.

மண்டைதீவின் முதியோருக்கு இவற்றுக்கு மேலும் இழப்புகள் உண்டு. 1986 ஜூன் 10ஆம் நாள் அத்தீவின் கடலில் குருநகர் மீனவர் பலர் கொல்லப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை. 1990 ஆகஸ்டில் இராணுவ நடவடிக்கையின்போது ஊரே பெயர்ந்தது. பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் பலர் வீடு திரும்பவில்லை. இத்தனையையும் இழந்த ஒருவர், இனி நான் இருந்து என்ன பயன் என்று கேட்பாராயின், அவருக்கு வெறும் ஆறுதல் மொழி போதாது. ஆகவே ஒரு வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறோம். அது நீங்கள் நன்கறிந்த நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரின் வாழ்க்கை.

1875 ஆகஸ்ட் 30ஆம் நாள் மானிப்பாயில் ஒரு சைவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வைத்திலிங்கம். சிறு பிராயத்திலேயே தந்தையை இழந்தார். பின்னர் தாயார் அச்சுவேலியைச் சேர்ந்த கத்தோலிக்கரான தம்பிமுத்துப்பிள்ளையை மணந்தார். அதனால் பிள்ளையும் திருமறையில் சேர்ந்து ஞானப்பிரகாசம் ஆனார். ஓர் இழப்பின் வழியாகவே கடவுளின் கதவு அவருக்குத் திறந்தது என்பதைக் கவனியுங்கள்.

படித்துத் தேறி, புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக வேலை பெற்றார். அக்காலத்தில் அரசாங்க உத்தியோகம் என்றால் யாழ்ப்பாணத்தில் அதற்கிருந்த மதிப்பைச் சொல்ல வேண்டுவதில்லை. அதை உதறிவிட்டுக் குருமடம் புகுந்தார். அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்து 1901ஆம் ஆண்டு குருவானார். நல்லூரை நிலையமாகக் கொண்டு கோவில்களைக் கட்டினார். ஏழை எளியவரிடையே மறை பரப்பினார். மறைப்பணியின் நடுவே ஏடுகளையும் கல்வெட்டுகளையும் தேடி ஆராய்ந்தார். 1928இல் வெளிவந்த யாழ்ப்பாண வைபவ விமர்சனம் நம் நாட்டு வரலாற்றாய்வில் இன்றும் பேசப்படும் நூல். மொழிகள் பல கற்று, பன்மொழிப் புலவர் என்று பெயர் பெற்றார்.

இனி நாம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம். அவருடைய மிகப் பெரிய பணி எப்போது வெளிவரத் தொடங்கியது தெரியுமா? அறுபதைக் கடந்த பின்னர். தமிழ்ச் சொற்களின் வேர்களைக் கண்டு, பிற மொழிச் சொற்களோடு ஒப்புநோக்கும் சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியின் பகுதிகள் 1938 முதல் 1946 வரை வெளிவந்தன. பலர் ஓய்வு தேடும் பிராயம் அது. உலகப் போர் நடந்த ஆண்டுகளும் அவையே. இத்தகைய நூலை ஒரு மனிதர் தம் ஆயுளுக்குள் முடிப்பது அரிது. ஆயினும் அவர் எழுதினார். ஆறு பகுதிகள் வெளிவந்த நிலையில், 1947 ஜனவரி 22ஆம் நாள் ஆண்டவர் அவரை அழைத்துக்கொண்டார். அகராதி முற்றுப்பெறவில்லை.

இது தோல்வியா? மோயீசன் நாற்பது ஆண்டு மக்களை வனாந்தரத்தில் நடத்தினார். வாக்களிக்கப்பட்ட நாட்டை மலையுச்சியிலிருந்து கண்டார். அதில் கால் வைக்கவில்லை. அவர் வாழ்வு வீண் என்று நாம் சொல்வதில்லை. தொடங்குவது நம் பங்கு. நிறைவு செய்வது இறைவனின் பங்கு.

சுவாமியின் மாணவரான தாவீது அடிகள் அச்சொல்லாராய்ச்சியைத் தம் தோளில் ஏற்றார். அவருக்கும் முதுமை வந்தது. 1981ஆம் ஆண்டு மே முடிந்து ஜூன் பிறந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. சம்பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அத்தீயைக் கண்ட அடிகளார் அந்த அதிர்ச்சியிலேயே உயிர் நீத்தார். விசுவாசிகளும் இத்தகைய துயரத்துக்கு விலக்கானவர் அல்லர். கிறிஸ்தவ நம்பிக்கை என்பது எல்லாம் நலமாகவே முடியும் என்ற எண்ணமன்று. எரிந்ததும், கடல் கொண்டதும், மண்ணுள் மறைந்ததும் இறைவனின் கையை விட்டுப் போகவில்லை என்ற உறுதியே அது. சிலுவையைச் சுற்றிச் செல்லும் வழி அதற்கு இல்லை. சிலுவைக்கு அப்பால் வெறுமையான கல்லறை உண்டு.

ஆதலால், காணாமற்போன மகனைத் தேடுவதை விட்டுவிடுமாறு அந்த நம்பிக்கை எந்தத் தாயையும் கேட்பதில்லை. உண்மையைக் கேட்பது அவளுடைய உரிமை. அவளுக்குத் துணை நிற்பது நம் கடமை. அவளுடைய கண்ணீர் எண்ணப்படாமற் போகாது என்று மட்டுமே அது சொல்கிறது.

முதிய நேயர்களே, உங்களிடம் மிஞ்சியிருப்பது சிறிதென்று எண்ணாதீர்கள். வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் சொல்லி அதன் குணமறிந்தவர்கள் நீங்கள். சொல் தேடிய சுவாமிக்கு அவை பொன்னாக இருந்திருக்கும். பேரப்பிள்ளைகளுக்கு அவற்றையும், மாலைச் செபத்தையும் சொல்லிக்கொடுங்கள். தூரதேசத்துப் பிள்ளையோடு தொலைபேசியில் பேசும்போது குடும்பத்தில் மரித்தோரின் பெயர்களை ஒருமுறை சொல்லுங்கள், அவர்களும் அறிந்திருக்கட்டும். படுக்கையிலிருக்கும் அயலவரிடம் நடக்க முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் செபமாலையில் அவருக்கு ஒரு பத்து மணியை ஒப்புக்கொடுங்கள்.

சுவாமி ஞானப்பிரகாசர் விட்டுச் சென்றது முடியாத ஒரு நூல். நாமும் முடியாத ஏதோவொன்றை விட்டுத்தான் போவோம். இன்றைக்குரிய ஒரு பக்கத்தை இன்று எழுதுவோம். மிகுதி ஆண்டவருடையது.