அடிபட்டவர்களுக்குத் துணை நின்ற அய்யன்காளி

கோட்டுகாலை அடுத்துள்ள ஊர் வெங்ஙானூர். இரண்டும் கோவளம் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தவை. கொத்து வேலைக்கும் கடைவேலைக்கும் வந்து இந்தப் பக்கத்தில் தங்கியிருக்கும் தமிழர்கள் பலர் வெங்ஙானூர் வழியாகப் போய் வருகிறார்கள். திருவனந்தபுரம் வெள்ளயம்பலம் சந்திப்பில் தலைப்பாகையோடு நிற்கும் சிலையையும் பார்த்திருப்பார்கள். அந்தச் சிலைக்குரியவர் வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி.

வண்டியில் ஏறிப் பொதுச் சாலையில் போனவர், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவைத் திறந்தவர் என்று அவரைப் பலரும் அறிவார்கள். அடிபட்டவனுடைய புகாரைக் கேட்க ஓர் இடமும், அவனுக்காகப் பேச ஓர் ஆளும் வேண்டும் என்பதற்காக அவர் பாடுபட்டது அவ்வளவாகத் தெரியவில்லை.

கோர்ட்டுக்கு வெளியே நின்றவர்கள்

அய்யன்காளி 28-8-1863 அன்று புலையர் சமுதாயத்தில் பிறந்தார். தந்தை பெயர் அய்யன், தாயார் பெயர் மாலா. தந்தையின் பெயரும் காளி என்ற அவரது பெயரும் சேர்ந்து அய்யன்காளி ஆயிற்று.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அடிமை முறையை ஒழிக்கும் உத்தரவு 1855-லேயே வந்துவிட்டது. ஆனால் உத்தரவு காகிதத்தில் இருந்தது. புலையர்கள் பொதுச் சாலையில் நடக்கக் கூடாது, சந்தைக்குள் நுழையக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. அடையாளத்துக்காகக் கழுத்தில் கல்மாலைதான் போட வேண்டும்.

இவற்றை மீறினால் அடி விழும். அடிபட்டவன் புகார் கொடுக்கப் போனாலும் கோர்ட்டுக் கட்டடத்துக்குள் கால் வைக்க முடியாது. தூரத்தில் நின்று அவன் சொல்வதை, இடையில் நிற்பவர் உள்ளே எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் சொல்வதுதான் சாட்சியம். அடித்தவனோ உள்ளே நிற்பான். வழக்கின் முடிவு என்னவாக இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அய்யன்காளிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்தக் கணக்கு அவருக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

வில்வண்டி

1893-ல் அவர் ஒரு வில்வண்டி வாங்கினார். வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, மணி ஒலிக்கும் மாடுகளைப் பூட்டிப் பொதுச் சாலையில் ஓட்டினார். தடுக்க வந்தவர்களைக் கத்தியை உருவி விலகச் செய்தார். இளைஞர்களைச் சேர்த்துத் தற்காப்புப் பயிற்சி கொடுத்தார். 1898-ல் பாலராமபுரம் சாலியத் தெருவில் அவர்கள் நடந்து சென்றபோது பெரும் கலகம் மூண்டது. இரு தரப்பிலும் இரத்தம் சிந்தியது.

கைபலத்தால் ஒரு சாலையைத் திறக்கலாம். ஆனால் மறுநாள் தனியே வயலில் நிற்கும் கூலியாளுக்கு யார் காவல்? இதற்கு விடையாக 1907-ல் சாது ஜன பரிபாலன சங்கம் பிறந்தது.

சங்கமே ஒரு கோர்ட்டு

சங்கத்தின் வேலைகளில் புதுமையானது அதன் சமுதாய நீதிமன்றம். வெங்ஙானூரில் தலைமை இடம். அரசாங்கக் கோர்ட்டின் நடைமுறையை ஒட்டியே அங்கு விசாரணை நடந்தது. புகார் கேட்கப்பட்டது, எதிர்த்தரப்பு வரவழைக்கப்பட்டது, சாட்சி விசாரிக்கப்பட்டது, தீர்ப்பு சொல்லப்பட்டது. சமுதாயத்துக்குள் எழுந்த தகராறுகள் அங்கே தீர்ந்தன.

தூரத்தில் நின்று அடுத்தவர் வாயால் பேசிப் பழகியவன், அங்கே தன் வாயால் தன் குறையைச் சொன்னான். தன் பேச்சையும் ஒரு சபை கேட்கும் என்பதே அவனுக்குப் புதிய அனுபவம்.

1911-ல் அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அப்போது திவானாக இருந்தவர் பி. ராஜகோபாலாச்சாரி என்ற தமிழர். சபையில் அய்யன்காளி கேட்டவை குடியிருக்க நிலம், பிள்ளைகளுக்குப் படிப்பு, சம்பளச் சலுகை, அரசாங்க வேலை ஆகியவை. காலடியில் நிலம் இல்லாதவன் அடித்தவன் மேல் புகார் கொடுத்தால், அன்றிரவே குடிசையைக் காலி செய்ய வேண்டி வரும். நிலம் கேட்டதற்குள் நீதி கேட்டதும் அடங்கியிருந்தது.

பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தபோது வயல் வேலையை நிறுத்தச் சொன்னார். மாதக்கணக்கில் ஏர் ஓடவில்லை. பட்டினி கிடந்தவர்களுக்கு விழிஞ்ஞம் பக்கத்து மீனவர்கள் தங்கள் வள்ளங்களில் வேலை கொடுத்தார்கள். கடைசியில் கண்டல நாகன் பிள்ளை என்ற மாஜிஸ்திரேட் நடுநின்று பேசித் தீர்த்து வைத்தார். ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது பள்ளிக்கூடமே கொளுத்தப்பட்டது. இன்று அந்தப் பள்ளி அவ்விருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

பெரிநாட்டில் எரிந்த குடிசைகள்

எல்லாவற்றிலும் பெரிய சோதனை 1915-ல் வந்தது. கொல்லம் அருகே பெரிநாட்டில், பெண்கள் கல்மாலையை எறிந்துவிட வேண்டும் என்று சங்கத்தின் தொண்டர் கோபாலதாசன் பிரசாரம் செய்தார். 24-10-1915 அன்று அங்கு கூடிய கூட்டத்தில் ஆட்கள் புகுந்து அடித்தார்கள். கூட்டத்தினர் திருப்பி அடித்தார்கள். அதன் பின் நூற்றுக்கணக்கான குடிசைகள் எரிக்கப்பட்டன. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் கொல்லம் நகரத்துக்கு ஓடினார்கள்.

செய்தி அறிந்து அய்யன்காளி கொல்லம் சென்றார். பழிக்குப் பழி வாங்க அவர் ஆள் திரட்டவில்லை. 1915 டிசம்பரில் கொல்லம் மைதானத்தில் பெரிய கூட்டம் கூட்டினார். தலைமை வகித்தவர் சங்ஙனாசேரி பரமேஸ்வரன் பிள்ளை. அவர் நாயர் சமுதாயத் தலைவர், வக்கீல். குடிசைகளை எரித்தவர்கள் எந்தச் சமுதாயமோ, அதே சமுதாயத்தின் பெரியவரை மேடையில் ஏற்றினார் அய்யன்காளி. அந்த மேடையின் முன்னால்தான் பெண்கள் கல்மாலைகளை அறுத்துக் குவித்தார்கள்.

அதோடு முடியவில்லை. வீடிழந்தவர்கள் மீதே வழக்குகளும் வந்தன. வக்கீல் வைக்கக் கையில் காசு இல்லை. இலஞ்ஞிக்கல் ஜான் என்ற வக்கீல் அவர்களுக்காக வாதாட முன்வந்தார். அவருடைய கட்டணத்துக்கு ஈடாக அந்த ஜனங்கள் மண்வெட்டி எடுத்து ஒரு குளம் வெட்டினார்கள். கம்மான்குளம் என்பது அதன் பெயர். ரூபாயால் கொடுக்க முடியாத வக்கீல் பீஸை வியர்வையால் கொடுத்தார்கள்.

இன்று உள்ள வழி

பெரிநாட்டு நிகழ்ச்சிக்குச் சரியாக எழுபது ஆண்டுகள் கழித்து, 1985 நவம்பரில், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நீதியும் நஷ்ட ஈடும் உதவியும் கிடைக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை பிரகடனம் செய்தது. நம் நாட்டில் 1989-ல் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், தொழிற்சாலைத் தொழிலாளர், ஜாதிக் கொடுமைக்கு ஆளானோர் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து யோசனை கேட்கலாம். பாதிக்கப்பட்டவருக்கு அரசு நஷ்ட ஈடு தரும் விதி 2009 இறுதியில் அமலுக்கு வந்தது.

1-7-2024 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தின்படி, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காசில்லாமல் பெறலாம். வேறு மாநிலத்தில் பிழைக்க வந்தவன், பாஷை தெரியாத ஊரில் அடிபட்டாலும் கூலி பறிகொடுத்தாலும், வாய்மூடித் திரும்ப வேண்டியதில்லை.

1937 ஜனவரியில் வெங்ஙானூருக்கு வந்த காந்தியடிகளிடம், தம் சமுதாயத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைக் கண்டுவிட்டுத்தான் கண்மூட வேண்டும் என்று அய்யன்காளி தம் ஆசையைச் சொன்னார். 18-6-1941 அன்று அவர் காலமானார். 1980-ல் வெள்ளயம்பலத்தில் அவர் சிலையை இந்திரா காந்தி திறந்து வைத்தார். 2002-ல் தபால் தலை வெளிவந்தது. திருவனந்தபுரத்தின் வி.ஜே.டி. ஹாலுக்கு 2019-ல் அவர் பெயர் சூட்டப்பட்டது.

அவருடைய சமாதி வெங்ஙானூரில் இருக்கிறது. கோட்டுகால் பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்கள் ஒரு விடுமுறை நாளில் குழந்தைகளோடு போய்ப் பார்த்து வரலாம். கோர்ட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே வந்து நின்று பேசியது எப்படி என்பதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க அது நல்ல இடம்.