தில்லையாடி வள்ளியம்மை

தில்லையாடி வள்ளியம்மை (1898 – பெப்ரவரி 22, 1914) தென்னாப்பிரிக்காவில் மகாத்மா காந்தி நடத்திய அறப்போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை சென்று உயிர்நீத்த தமிழ்ப்பெண் ஆவார். கடல் கடந்து வாழ்ந்த இந்தியர்களின் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு வழங்க வேண்டும் என்பது அப்போராட்டத்தின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாகும்.

பிறப்பு

இவரது பெற்றோர் முனுசாமி முதலியார், மங்களம் இணையர். தரங்கம்பாடி அருகிலுள்ள தில்லையாடியைச் சேர்ந்த இவர்கள் தென்னாப்பிரிக்காவில் குடியேறி ஜோகன்னஸ்பர்க் நகரில் வாழ்ந்தனர். வள்ளியம்மை அங்கேயே பிறந்தார்.

பின்னணி

ஹசன் எசாப் என்பவர் இந்தியாவிலிருந்து அழைத்து வந்த தம் மனைவி பாய் மரியத்தை நாட்டினுள் அனுமதிக்கக் குடிவரவு அதிகாரிகள் மறுத்தனர். மார்ச் 14, 1913 அன்று கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சியர்ல், பலதார மணத்தை அனுமதிக்கும் சமய முறைப்படி நடந்த திருமணம் சட்டப்படி செல்லாது எனத் தீர்ப்பளித்தார். இதனால் இந்து, இசுலாமிய முறைகளில் மணந்த பெண்கள் மனைவி என்ற உரிமையுடன் கணவரிடம் வந்து சேர இயலாத நிலை உருவானது. அவர்களின் குழந்தைகளது உரிமையும் கேள்விக்குள்ளானது. ஒப்பந்தக் காலம் முடிந்தும் நேட்டாலில் தங்கிய தொழிலாளர் மீது விதிக்கப்பட்ட ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரியும் நீடித்தது. அதுவரை போராட்டத்தில் சிறை செல்லாதிருந்த பெண்கள் இப்போது நேரடியாகக் களமிறங்கினர்.

போராட்டமும் மறைவும்

அனுமதியின்றி மாகாண எல்லையைக் கடப்பது அக்காலத்தில் குற்றமாகும். 1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து நேட்டாலுக்குச் சென்ற பெண்கள் அணியில் வள்ளியம்மை தம் தாயுடன் இணைந்தார். தலைவரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யுமாறு இவர்கள் தொழிலாளர்களிடம் எடுத்துரைத்தனர். பின்னர் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று, மாரிட்ஸ்பர்க் சிறையில் அடைக்கப்பட்டார். அங்குக் கடும் காய்ச்சலுக்கு ஆளானபோதும், முன்கூட்டியே விடுதலை அளிக்க முன்வந்ததை ஏற்க மறுத்தார். விடுதலைக்குப் பின் தம்மைக் காண வந்த காந்தியிடம், மீண்டும் சிறை செல்லவும் ஆயத்தமாக இருப்பதாகத் தெரிவித்தார். சில நாட்களில் காலமானார்.

விளைவு

1914 இல் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. தலைவரி நீக்கப்பட்டது. ஒருவருக்கு ஒரு மனைவி என்ற அளவில் இந்தியத் திருமணங்கள் ஏற்கப்பட்டன. அம்மனைவியும் அவருடைய வயது வராத குழந்தைகளும் நாட்டினுள் வர வழி பிறந்தது. எனினும் 1953 இல் கொண்டுவரப்பட்ட குடிவரவுத் திருத்தச் சட்டம், இந்தியாவிலிருந்து மனைவி மக்கள் வருவதைப் பெரும்பாலும் தடுத்தது.

நினைவுச் சின்னங்கள்

ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபொன்டெயின் கல்லறைத் தோட்டத்தில் வள்ளியம்மைக்கும் மற்றொரு போராளியான நாகப்பனுக்கும் நினைவுக்கற்கள் நிறுவப்பட்டன. ஜூலை 15, 1914 அன்று நடந்த திறப்பு நிகழ்வில் காந்தி கலந்துகொண்டார். இந்தியா திரும்பிய பின் 1915 இல் தில்லையாடிக்கும் வருகை தந்தார். அவ்வூரில் வள்ளியம்மைக்கு நினைவு மண்டபம் உள்ளது. சென்னை எழும்பூரில் உள்ள கோ-ஆப்டெக்ஸ் கட்டடம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. 2008 இல் இந்திய அஞ்சல் துறை இவரது நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.