சிந்தாமணியும் ஐயரவர்களின் படிப்பும்

பல நூல் கற்றவர் என்று ஒருவரைப் புகழ்வது நம்மவர் வழக்கம். எத்தனை நூல் கற்றார் என்று எண்ணுவோமேயன்றி, ஒரு நூலில் எத்துணைக் காலம் தங்கினார் என்று வினவுதல் அரிது. நம் சங்கத்து அன்பர்கள் தம் மக்களின் கல்வியைப் பற்றிப் பேசுங்காலும் இந்த எண்ணிக்கையே முன் வருகின்றது. ஆதலின் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் சரித்திரத்தில் ஒரு பகுதியை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

ஐயரவர்கள் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19-ஆம் தேதி பிறந்தார்கள். பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம் அவர்களுடைய ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். ஐயரவர்கள் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை மாயூரத்தில் அடைந்து, 1876-இல் அப்பெரியார் காலமாகும் வரையில் உடனிருந்து கற்றார்கள். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, தலபுராணம் என்று அக்காலத்துப் புலமைக்கு அளவுகோலாயிருந்த நூல்களுட் பெரும்பாலானவற்றைப் பாடங் கேட்டாயிற்று. 1880-இல் தியாகராச செட்டியாரவர்கள் வகித்துவந்த கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பதவியும் கிடைத்தது. வயது இருபத்தைந்து. இனிக் கற்க வேண்டுவது யாது என்று எண்ணக்கூடிய நிலை அது.

அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, கும்பகோணத்திற்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரவர்களை ஐயரவர்கள் கண்டார்கள். என்னென்ன நூல்கள் படித்ததுண்டு என்று முதலியார் வினவ, ஐயரவர்கள் தாம் கற்றவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். கேட்டவர் முகத்தில் வியப்பின் குறி எதுவும் தோன்றவில்லை. இவற்றிற்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணி தெரியுமா, சிலப்பதிகாரம் தெரியுமா, மணிமேகலை தெரியுமா என்று மேலும் கேட்டார். தெரியாது என்றே விடை கூற நேர்ந்தது. வேறொருவராயின் மனம் புண்பட்டு வீடு திரும்பியிருப்பர். அப்பதவியிலிருந்தோர் அவ்விடையைக் கூறுவதே எளிதன்று என்பது நம் கருத்து. பின்னர் முதலியாரவர்கள் தம்மிடமிருந்த சீவக சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார்கள்.

திருத்தக்கதேவர் இயற்றிய அந்நூல் பதின்மூன்று இலம்பகங்களும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களும் உடையது. ஐயரவர்கள் ஏட்டைத் திறந்தபோது சொல் புலப்பட்டது, பொருள் புலப்படவில்லை. கதையும் தெரியாது. நச்சினார்க்கினியர் உரையோ பல இடங்களில் மூலத்தினும் கடினமாயிருந்தது. அவ்வுரையாசிரியர் பழைய பாடலடிகளை மேற்கோளாகக் காட்டுவார், ஆனால் அவை எந்நூலின் அடிகள் என்பதைப் பெரும்பாலும் கூறமாட்டார்.

இங்கேதான் ஐயரவர்களுடைய படிப்பு மாறுகின்றது. விளங்காத இடத்தைத் தாண்டிச் செல்லாமல் அவ்விடத்திலேயே நின்றார்கள். கல்லூரி வேலை போக எஞ்சிய பொழுதெல்லாம் சிந்தாமணிக்கே ஆயிற்று. சொற்களையும் பெயர்களையும் மேற்கோளடிகளையும் குறிப்பெடுத்துத் தொகுத்தார்கள். முதலியாரவர்களோடு உடனிருந்து படித்தமையால், ஒருவர்க்குப் பொருள் சொல்ல வேண்டும் என்னும் கட்டாயமும் சேர்ந்தது. தனியே படிப்பவன் தன்னை ஏமாற்றிக் கொள்ளலாம், எதிரில் ஒருவர் அமர்ந்து காரணம் கேட்டால் அது இயலாது.

சைன சமயச் சொற்கள் பெரிய தடையாயின. சைவ மடத்தின் சூழலில் வளர்ந்தவர்க்கு அச்சமயக் கொள்கைகளைச் சொல்லுவார் யார்? கும்பகோணத்திலேயே சைனர்கள் வாழ்கின்றார்கள் என்று அறிந்து அவர்கள் வீட்டை நாடிச் சென்றார்கள். அங்கே தோரணங் கட்டி விழாவாயிருந்தது. விசாரித்தபோது, சிந்தாமணியைப் பல நாளாகப் படித்துக் கேட்டு அன்று நிறைவு செய்கின்றனர் என்று தெரிந்தது. தாம் பொருள் தெரியாமல் தவித்த நூல், அதே ஊரில் ஒரு குடும்பத்தார் பக்தியோடு கேட்கும் நூலாயிருந்தது! அன்றுமுதல் கல்லூரி ஆசிரியராகிய அவர்கள் மாணாக்கராய் அவர்களிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார்கள். பிற்காலத்தில் மணிமேகலைக்காகப் பௌத்த சமயக் கருத்துக்களை மளூர் ரங்காசாரியரவர்களிடம் கேட்டுணர்ந்ததும் இதே முறைதான்.

உரையிலிருந்த பெயரில்லா மேற்கோள்களும் வீண் போகவில்லை. திருவாவடுதுறை மடத்து ஏட்டுச்சுவடிகளை ஆராய்ந்தபோது, எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் அடங்கிய ஏடுகள் கைக்கு வந்தன. அவற்றில், தாம் குறித்து வைத்திருந்த அடிகளைக் கண்டபோது அவர்கள் அடைந்த மகிழ்ச்சியை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். உரையை விரைந்து படித்துப் போயிருந்தால் அவ்வடிகள் அவர்கள் கண்ணிற் பட்டும் அடையாளம் தெரிந்திராது.

இவ்வாறு ஏழாண்டு சென்றபின், 1887-இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் தொடர்ந்தன. 1906-இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932-இல் சென்னைச் சர்வகலாசாலையின் டாக்டர் பட்டமும் கிடைத்தன. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி திருக்கழுக்குன்றத்தில் அவர்கள் காலமானார்கள்.

இப்பட்டங்களை விட நமக்கு வியப்பளிப்பது வேறொன்று. பெயரும் புகழும் தந்த அச்சிந்தாமணியை அவர்கள் கட்டி வைத்துவிடவில்லை. மீண்டும் பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்து, புதிதாய்க் கண்ட திருத்தங்களையும் குறிப்புக்களையும் சேர்த்து, முதற்பதிப்பு வந்து இருபது ஆண்டுக்குப் பின், 1907-இல் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார்கள்.